பார்க்காமல் வாங்கின வீடு

குவீன்ஸ்டவுன், டாஸ்மேனியா
3 மார்ச் 2012

திரு. நெவில் டன்ஸ்டன் அவர்களுக்கு,

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க போன ஆகஸ்ட்ல வாங்கின பன்னிரண்டாம் நம்பர் வீட்டுல ஒன்பது வருஷமாக் குடியிருக்கிற ரோவீனா கிளிஃப்ட். இந்த ஊர் ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். நானும் என் பொண்ணு மெக்கும் ஒரு பூனையும்தான் வீட்டுல.

உங்க பேருக்கு வந்த நகராட்சி வரி நோட்டீஸை இங்க போட்டுட்டாங்க. கரண்ட் பில்லுன்னு நெனச்சுப் பிரிச்சுட்டேன், மன்னிக்கணும். அதுலதான் உங்க விலாசம் கிடைச்சுது. நோட்டீஸை இதோட வச்சிருக்கேன்.

விஷயத்துக்கு வர்றேன். நேத்து, ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கிற பர்னீலேருந்து ரெண்டு பேர் வேன்ல ஒரு பெரிய பெட்டியோட வந்து இறங்கினாங்க. என்னன்னு கேட்டா ஏசியாம். குளிர்ந்த காத்து மட்டும் வர்ற ஏசி. வீட்டுக்காரர் ஆர்டர் பண்ணியிருக்காராம். "எங்க மாட்டணும்"னு கேட்டவருக்கே சிரிப்பு தாங்கலை. கோடை முடிஞ்சு மூணு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள இங்க விடாம ஒன்பது நாளா மழை. நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இதை எழுதுறேன். இந்த ஊர்ல ஏசி வச்சு நான் என்னங்க பண்ணுவேன், மீன் விக்கவா?

மாட்ட வேணாம்னு சொல்லிட்டேன். பெட்டி துணி துவைக்கிற ரூம்ல இருக்கு.

எனக்கு வேண்டியது விறகுக் கணப்போட புகைக்குழாய். மூட்டுல விரிசல் விட்டு ஒரு வருஷம் ஆகுது. புகை பாதி மேல போகுது, பாதி எங்க மூக்குல போகுது. உங்க ஏஜென்ட்டுக்கு மூணு தடவை எழுதிட்டேன். பதில் இல்லை.

ஃபோன் பண்ணாதீங்க. வீட்டு விஷயம்னா எனக்குக் காகிதத்துல வேணும். ஃபோன்ல சொன்னது எதுவும் இந்த ஒன்பது வருஷத்துல நடந்ததே இல்லை.

இப்படிக்கு,
ரோவீனா கிளிஃப்ட்


நியூமன், மேற்கு ஆஸ்திரேலியா
14 மார்ச் 2012

மதிப்பிற்குரிய திருமதி கிளிஃப்ட்,

தங்கள் கடிதமும் வரி நோட்டீஸும் கிடைத்தன. நன்றி. இருப்பினும் வீடு தொடர்பான எதையும் ஏஜென்ட் மூலமாகவே தெரிவிப்பதுதான் முறை என்பதைத் தங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெர்த் நகரில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். வாடகைக்கு விட வீடு வாங்குகிறவர்களுக்கான வகுப்பு. அங்கே சொல்லிக் கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்து வருகிறேன். வீட்டின் மேல் ஆசை வைக்காதே. நேரில் போய்ப் பார்க்காதே, பார்த்தால் மனசு இளகும். குடியிருப்பவரோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே. இதை எழுதுவதன் மூலம் மூன்றாவது விதியை இப்போதே மீறிவிட்டேன்.

ஏசி போட்டால் வாரத்துக்கு இருபது டாலர் கூட்டிக் கேட்கலாம் என்றும் அங்கேதான் சொன்னார்கள். இங்கே நேற்று நாற்பத்துமூன்று டிகிரி. ஏசி இல்லாத வீட்டை இந்த ஊரில் நாய்கூட எட்டிப் பார்க்காது. உங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் அனுப்பினேன்.

உங்கள் வீட்டின், அதாவது என் வீட்டின், படங்கள் ஆறு என்னிடம் உள்ளன. ஆறிலும் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிறது.

புகைக்குழாய் பற்றி ஏஜென்ட்டிடம் கேட்கிறேன்.

தங்கள்,
நெவில் டன்ஸ்டன்

பி.கு: ஒன்பது நாள் விடாமல் மழை என்று எழுதியிருந்தீர்கள். அது விளையாட்டுக்குத்தானே?


குவீன்ஸ்டவுன்
25 மார்ச் 2012

மிஸ்டர் டன்ஸ்டன்,

விளையாட்டா? இன்னிக்கு முப்பத்தியோரு நாள் ஆச்சு. நடுவுல ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் நின்னுது.

அந்த ஆறு படமும் எனக்குத் தெரியும். படம் எடுக்க வந்த பையன் மூணு நாள் மோட்டல்ல காத்துக் கிடந்து, கடைசில குடையைப் பிடிச்சுக்கிட்டே எடுத்துட்டுப் போனான். நீல வானம் கம்ப்யூட்டர்ல போட்டது. நல்லா உத்துப் பாருங்க, நாலாவது படத்துல வாசல் படி நனைஞ்சிருக்கும்.

உங்க வகுப்புல என்ன சொல்லிக் கொடுத்தாங்களோ தெரியாது, நான் சொல்றதையும் கேட்டுக்குங்க. இதுக்குக் காசு கிடையாது. இந்த வீட்டுல கூரை ஆணிகளை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முடுக்கணும், இல்லேன்னா மேற்குக் காத்துக்குத் தகரம் தூக்கிக்கும். கூரை ஓரக் காவாய்ல மாசாமாசம் இலை அள்ளணும். அதை நானே ஏணி போட்டு ஏறி அள்ளுறேன். பின் கதவு மே மாசம் வீங்கும், நவம்பர்ல சரியாயிடும். அதைப் பாத்துட்டு எவனாவது கதவை இழைச்சுவிட்டான்னா வெயில் காலத்துல இடுக்கு வழியா எலி வரும். முன்னாடி இருந்த வீட்டுக்காரர் அதைத்தான் பண்ணினாரு. எங்கேயோ உக்காந்துக்கிட்டு யாரோ சொன்னதைக் கேட்டுச் செலவு பண்ணினா இப்படித்தான் ஆகும். பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி புகைக்குழாய், தண்ணிக் குழாய், கூரை. இந்த மூணும் சரியா இருந்தா வாடகைக்கு வர்றவ வருஷக்கணக்கா இருப்பா. நான் இருக்கேனே.

இதுவரைக்கும் நேத்தே எழுதி வச்சுட்டேன். இன்னிக்குக் காலைல ஏஜென்ட்கிட்டேருந்து நோட்டீஸ் வந்திருக்கு. ஒப்பந்தம் ஜூன் 30-ஓட முடியுதாம், புதுப்பிக்க மாட்டாங்களாம், காலி பண்ணணுமாம்.

ஜூன் 30. நட்ட நடுக் குளிர்காலம். இந்த ஊர்ல வாடகைக்கு வேற வீடு கிடையாது, இருந்த எல்லாத்தையும் டூரிஸ்ட்டுக்கு விட்டுட்டாங்க. இங்கேருந்து கிளம்பினா பர்னீக்குத்தான் போகணும். பஸ் வேலை போச்சு, மெக்கோட ஸ்கூல் போச்சு.

உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க.

ரோவீனா


நியூமன்
5 ஏப்ரல் 2012

திருமதி கிளிஃப்ட்,

தெரியும். கையெழுத்துப் போட்டது நான்தான். உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முந்தைய வாரம் போட்டேன். அந்தக் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லத் துணிவில்லை.

வீட்டைக் காலி செய்து, பெயின்ட் அடித்து, அந்த ஊர்ப் பழைய மலை ரயிலைப் பார்க்க வரும் டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் இரண்டு மடங்கு வரும் என்கிறார் ஏஜென்ட். அதைக் காட்டி பாங்கில் இன்னொரு கடன் வாங்கலாம். பக்கத்துப் பதினாலாம் நம்பர் வீடும் விற்பனைக்கு வந்திருக்கிறது. படங்கள் வந்தன, அழகான வீடு. மே மாதம் ஒப்பந்தம் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடமாகச் சுரங்க லாரி ஓட்டுகிறேன். முழங்கால் போய்விட்டது. மனைவி பிரிந்து போனபோது இருந்த வீடும் அவளோடு போனது. இப்போது இருப்பது கம்பெனி கொடுத்த அறை. வேலை நின்ற மறுநாள் அதையும் காலி செய்ய வேண்டும். வயதான காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கத்தான் இந்த வீடுகள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று நீங்கள் நம்ப வேண்டும் என்று ஏனோ தோன்றுகிறது.

ஆனால் தேதியில் மாற்றம் இல்லை. மன்னிக்கவும்.

நெவில் டன்ஸ்டன்


குவீன்ஸ்டவுன்
14 ஏப்ரல் 2012

நெவில்,

இனிமே மிஸ்டர் எல்லாம் கிடையாது. என்னை வீட்டைவிட்டு அனுப்புறவருக்கு வெறும் பேரே போதும்.

கம்பெனி ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு பயந்து பயந்து சாகுற ஆளு, இன்னொருத்தியை ஒரு கையெழுத்துல காலி பண்ணச் சொல்றீங்க. உங்க கடுதாசியை நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாக்கலையா? எனக்கு அழுகை வரலை, ஆத்திரம்தான் வந்துது. பஸ்ஸை அன்னிக்குக் கொஞ்சம் வேகமாவே ஓட்டினேன்.

இத்தோட நிறுத்திக்கணும்னுதான் பேனாவை மூடி வச்சேன். அப்புறம் பதினாலாம் நம்பர் ஞாபகம் வந்துது. வாய மூடிக்கிட்டு இருந்தா நீங்களாப் போய் மாட்டிப்பீங்க, நல்லா வேணும்னு நானும் இருந்துடலாம். அரை மணி நேரம் யோசிச்சேன். என்னால முடியலை.

அந்த வீட்டை வாங்காதீங்க. தரைக்குக் கீழ தாங்குற மரக்கால் எல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது. மலைலேருந்து வர்ற தண்ணி நேரா அந்த வீட்டு அடியிலதான் போய்த் தேங்கும். முன் ரூம்ல ஒரு கோலிக்குண்டை வச்சீங்கன்னா அது பின் ரூமுக்குத் தானாப் போயிடும். உங்களை மாதிரியே படத்தைப் பாத்து வாங்கினவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் நஷ்டத்துக்குத்தான் தள்ளிவிட்டாங்க. ரெண்டாயிரம் மைல் தள்ளி உக்காந்திருக்கிற ஆளுக்கு அது ஆகாது.

நம்பலேன்னா விடுங்க. வீடு பாத்துச் சொல்ற ஆளை நீங்களே புடிச்சு அனுப்புங்க, விக்கிற ஏஜென்ட் காட்டுற ஆளு வேணாம். சும்மா சுவரைத் தட்டிப் பாத்துட்டுப் போகாம, குனிஞ்சு தரைக்கு அடியில போகச் சொல்லுங்க.

புகைக்குழாய் இன்னும் அப்படியேதான் இருக்கு. உங்க ஏசி பெட்டி மேல பூனை படுத்துத் தூங்குது. அதுக்காவது உபயோகப்பட்டுதே.

ரோவீனா


நியூமன்
9 மே 2012

ரோவீனா,

போன வாரம் புதன்கிழமை, ஃபுட்பால் மைதானத்துப் பக்கத்துல, அரை டிராயரும் ரப்பர் செருப்புமா மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு ஆளு நின்னானே, ஞாபகம் இருக்கா? பஸ்ஸை நிறுத்தி, "யோவ், இது என்ன கடற்கரையா? ஏறித் தொலையும்யா"ன்னு கத்தினீங்களே? பின்னாடி பிள்ளைங்க எல்லாம் கைதட்டிச் சிரிச்சுதே?

அது நான்தான்.

சொல்லிடலாம்னுதான் ஏறினேன். வாயே வரலை. "வீடு வாங்க வந்தவர் மாதிரி இருக்கே உம்ம மூஞ்சி"ன்னு சொல்லிட்டு, கடைல வாங்கி வச்சிருந்த, மாவுக்குள்ள கறி அடைச்சுச் சுட்ட பேஸ்டியை என் கையில குடுத்தீங்க. "முதல்ல இதைத் தின்னும், விறைச்சுச் செத்துடப் போறீர்"னீங்க. மோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அது உங்க மத்தியானச் சாப்பாடுன்னு எனக்குப் புரிஞ்சுது.

பதினாலாம் நம்பருக்கு லான்செஸ்டன்லேருந்து ஒருத்தரை நானே கூட்டிட்டு வந்தேன். அவர் டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு அடியில போனாரு, பின்னாலயே நானும் போனேன். கணுக்கால் வரைக்கும் தண்ணி. ஒரு மரக்காலை விரலால அமுக்கினேன், ரொட்டி மாதிரி உள்ள போச்சு. நீங்க சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வேண்டாம்னு அன்னிக்கே விக்கிற ஏஜென்ட்கிட்டச் சொல்லி, அவர் எழுதின ரிப்போர்ட்டையும் குடுத்துட்டேன்.

அப்புறம் வேலி ஓரமா நின்னு என் வீட்டைப் பாத்தேன். முதல் தடவையா. உள்ள வரலை. இருபத்துநாலு மணி நேரம் முன்னாடி எழுத்துல குடுக்காம வீட்டுக்காரன் உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கே, உங்களுக்கு அது தெரியாம இருக்குமா? ரோட்டிலயே நின்னேன். புகை கூரைக்கு மேல போகாம ஜன்னல் வழியா வந்துது. கூரையில ஒரு மூலையைத் தார்ப்பாய் போட்டு நீங்களே கட்டியிருக்கீங்க. அதைப் பாத்து எனக்குக் கூசிப் போச்சு. நானா இருந்தா அந்த வீட்டுல ஒரு மாசம் இருந்திருக்க மாட்டேன்.

புகைக்குழாய்க்கு ஆள் சொல்லிட்டேன், அடுத்த வாரம் வருவார். ஏஜென்ட்டை நிறுத்திட்டேன். ஜூன் 30 நோட்டீஸையும் ரத்து பண்ணியாச்சு, அந்தக் காகிதம் தனியா இதோட இருக்கு. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க.

நெவில்


குவீன்ஸ்டவுன்
21 மே 2012

நெவில்,

அட கடவுளே, அது நீங்களா! மெக் இன்னும் அந்த ரப்பர் செருப்பைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

புகைக்குழாய் ஆளு வந்து முடிச்சுட்டுப் போயிட்டாரு. இப்ப புகை நேரா மேல போகுது. வெளியில போய் நின்னு கால் மணி நேரம் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப நன்றி.

இனிமே எழுதப்போறது கஷ்டமானது. நேராச் சொல்லிடறேன். ரத்துக் காகிதத்துக்கு எனக்கு வேலை இல்லை. நான் பதினாலாம் நம்பரை வாங்கிட்டேன். நீங்க வேண்டாம்னதும் விலை விழுந்துது. அந்த லான்செஸ்டன்காரர் எழுதின ரிப்போர்ட்டை விக்கிற ஏஜென்ட் எல்லாருக்கும் காட்ட வேண்டியதாயிடுச்சு. ஊர்ல வேற யாரும் கிட்ட வரலை. பாங்கும் சரின்னுடுச்சு. ஜூன் கடைசியில சாவி கைக்கு வருது.

நாலு வருஷமா எனக்கு அந்த வீட்டு மேல ஒரு கண்ணு. சமையல் ரூமுலேருந்து தினமும் அதைத்தானே பாக்குறேன். "வாங்காதீங்க"ன்னு உங்களுக்கு எழுதறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் யோசிச்சேன்னு சொன்னேன் இல்லையா? உங்க நல்லதுக்கு எழுதுறேனா, என் நல்லதுக்கு எழுதுறேனான்னுதான் யோசிச்சேன். ரெண்டுக்கும்தான். அதை மறைக்க எனக்கு மனசு வரலை.

நான் சொன்னது எல்லாம் உண்மை. ஆனா ஒண்ணைச் சொல்லலை. வேலி ஓரமா மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு வாய்க்கால் வெட்டி விட்டா, தண்ணி அந்த வீட்டைத் தொடாது. அப்புறம் மரக்காலை ஒண்ணொண்ணா மாத்திக்கலாம். பக்கத்துலயே இருந்து, மழை பெய்யுறப்ப மண்வெட்டியோட இறங்குறவங்களால மட்டும்தான் அது முடியும். கூலிக்கு ஆள் விட்டுப் பண்ணினா வீட்டு விலையைவிடக் கூட ஆகும். அதனால சொல்லலை. வேணும்னா திட்டிக்குங்க.

உங்க வீட்டைத் துடைச்சு, வந்தப்ப இருந்ததைவிட நல்லா வச்சுட்டுப் போறேன். ஜூலைல இங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸ் வர்றாங்க, வீடு தேடறாங்க. ஏஜென்ட்டை நம்பாம நீங்களே அவங்களோட பேசுங்க. குடி வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமா என்னென்ன எப்படி இருக்குன்னு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக்குங்க. பின் கதவு வீங்கும்னு அதுலயே எழுதுங்க. யாராவது இழைச்சுடப் போறாங்க.

ரோவீனா


நியூமன்
26 ஜூன் 2012

ரோவீனா,

பதில் எழுத ஒரு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. வேணும்னேதான் எழுதலை. ஏமாத்திட்டாளேன்னு மூணு நாள் லாரியில உக்காந்துக்கிட்டு வாய்விட்டுத் திட்டினேன். நல்லவேளை, அந்த லாரில பக்கத்து சீட்டு கிடையாது. ரெண்டு கடுதாசி எழுதிக் கிழிச்சுப் போட்டேன். ரெண்டுமே நீங்க படிக்கக்கூடாத கடுதாசி.

அப்புறம் உங்க கடுதாசி எல்லாத்தையும் எடுத்து வரிசையா வச்சுப் படிச்சேன். நீங்க ஒண்ணை மறைச்சீங்க, அதையும் ஒரு மாசத்துல நீங்களே சொல்லிட்டீங்க. நான் என்ன பண்ணினேன்? ஒரு பொம்பளையும் அவ பொண்ணும் ஒன்பது வருஷம் இருந்த வீட்டை, அது எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னுகூடத் தெரியாம, சாப்பாட்டு மேஜையில உக்காந்து ஒரு கையெழுத்துல காலி பண்ணச் சொன்னேன். அந்தக் கையெழுத்தைப் போட எனக்கு அரை நிமிஷம்கூட ஆகலை. நீங்க அரை மணி நேரம் யோசிச்சீங்க.

நர்ஸம்மாகிட்டப் பேசிட்டேன். ஏசி இருக்கான்னு அவங்க கேக்கலை. இனிமே வீடு வாங்கினா அடியில குனிஞ்சு பாத்துட்டுத்தான் வாங்குவேன். முழங்கால் ஒத்துழைச்சா.

எனக்கு மூணு வாரம் லீவு பாக்கி இருக்கு. அதனால கீழ இருக்கிறதை முறைப்படி எழுதுறேன்.

பதினாலாம் நம்பர் வீட்டின் உரிமையாளர் திருமதி ரோவீனா கிளிஃப்ட் அவர்களுக்கு நோட்டீஸ்: பக்கத்து வீட்டுக்காரனாகிய நெவில் டன்ஸ்டன், ஜூலை 9 திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தங்கள் இடத்துக்குள் வர அனுமதி கேட்கிறான். காரணம், வேலி ஓரமா வாய்க்கால் வெட்ட. மண்வெட்டியும், இந்தத் தடவை முழுக்கால் சட்டையும் அவனே கொண்டு வருவான். கூலி வேண்டாம். பேஸ்டி குடுத்தா மறுக்க மாட்டான்.

பதில் வரலேன்னா சரின்னு எடுத்துக்கிட்டு உள்ள வந்துட மாட்டேன். ரோட்டிலயே நிப்பேன், மழையிலதான். பஸ்ஸை நிறுத்துறதும் நிறுத்தாததும் உங்க இஷ்டம்.

நெவில்